ஷூ ஸ்டாண்டில் ஒரு காலி இடம்

1

பெங்களூரில் இருப்பதை வெளிதேச வாழ்க்கை என்று எழுதினால் ஆம்பூரில் என் அண்ணன் சிரிக்கிறான். "காலையில ரயில் ஏறினா மத்தியானச் சோத்துக்கு இங்க வந்துடுவே. இதுல என்னம்மா புலம்பெயர்வு?" தூரத்தை வைத்துப் பார்த்தால் அவன் சொல்வது சரிதான். ஆனால் நான் பெற்ற பிள்ளை பேசுவதில் பாதி எனக்குப் புரியாத ஓர் ஊரில் இருக்கிறேன். அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தின் செயலாளர் வீடு வீடாக வந்தார். ஜோகுபாளையத்தில் பழைய ஓட்டு வீடுகளை இடித்துக் கட்டிய சிறிய கட்டடம் எங்களுடையது. தீ விபத்து நடந்தால் வழி அடைபடுமாம். எல்லோரும் வாசலில் வைத்திருக்கும் ஷூ ஸ்டாண்டை எடுத்துவிட வேண்டுமாம். "தப்பு தில்கோபேடி மேடம், ரூல்ஸ். ஸ்டாண்ட் ஒளகே இட்கொள்ளி" என்றார். தப்பாக நினைக்காதீர்கள், உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நான் தலையாட்டினேன்.

என் கணவர் ஸ்டாண்டைச் சாய்த்துத் தூக்கினார். பின்பக்கத்திலிருந்து, சுவரோரம் சிக்கிக் கிடந்த ஒரு சிறு துண்டு கீழே விழுந்தது. கண்ணாடி மாதிரி தெளிவான ரப்பர், பிறை வடிவம். "இது என்ன?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். தளர்ந்துபோன ஷூவின் குதிகாலில் ஒட்டுவது அது. எனக்குத் தெரியும். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் இதே மழைக்காலத்தில், இந்த ஸ்டாண்டைப் பார்த்து, மகன் ஆபீசுக்குப் போய்விட்டான் என்று நினைத்து, அவனை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு நான் வேலைக்குப் போனேன். உள்ளே அவன் நினைவில்லாமல் கிடந்தான். அவன் பிழைத்துவிட்டான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்களைப் பதற வைக்க எனக்கு மனமில்லை. நான் இன்னும் பதறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

2

ஆம்பூர்க்காரர்களுக்கு நான் ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு நாலு பேர் ஷூ கம்பெனிக்குப் போவார்கள். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் கிளம்பும். ஊர்க்காற்றில் எப்போதும் தோல் பதனிடும் நாற்றம் இருக்கும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் அது நமக்கு நினைவுக்கு வரும். உலகத்துக்கே ஷூ தைத்த ஊரில், வீட்டுக்குள் ஷூ போட்டு நடந்தவரை நான் பார்த்ததில்லை.

அதனால் வாசலே எங்களுக்குத் தகவல் பலகையாக இருந்தது. வாசலில் கிடப்பதை வைத்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவோம். கட்டை விரல் தேய்ந்த செருப்பு என்றால் பெரியப்பா. கறுப்பு பெல்ட் செருப்பு என்றால் சீட்டுக்காரர். தெருமுனையிலிருந்து ஒரு வீட்டு வாசலில் கன்னாபின்னாவென்று செருப்புகள் குவிந்து கிடப்பது தெரிந்தால், யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். அது சாவு வீடு.

இருபது வருஷத்துக்கு மேல் பெங்களூரில் இருந்தும் இந்தப் படிப்பு என்னை விட்டுப் போகவில்லை. கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்; விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். நான் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்லூரியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரே மகன் நிரஞ்சன், வீட்டில் நிரு. படிப்பு முடித்து ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்திருந்தான். மூன்று பேரும் மூன்று நேரத்தில் போய் வருகிற வீட்டில், யார் இருக்கிறார், யார் இல்லை என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஸ்டாண்டைப் பார்த்தால் போதும்.

நிரு சம்பாதிக்கத் தொடங்கியதும் ஸ்டாண்டில் நடுத்தட்டு முழுக்க அவனுடைய லோஃபர்கள். நாடா இல்லாமல் காலை நுழைத்துப் போட்டுக்கொள்ளும் ஷூ. காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று, முன்னால் குஞ்சம் தொங்கும் கறுப்பு ஒன்று, வெல்வெட் போல் தடவிப் பார்க்கத் தோன்றும் நீலம் ஒன்று. என் கணவருக்கு அந்தப் பெயரே பிடிக்காது. "எங்க அப்பா என்னைத் திட்டின வார்த்தைடா அது. நீ அதைக் காசு குடுத்து வாங்கிட்டு வர்றே." நிரு சிரிப்பான். சாக்ஸ் போட மாட்டான். பேண்ட் கணுக்காலுக்கு மேல் நிற்கும். "வெள்ளம் வந்தாப்பல இருக்குடா" என்பேன். "அம்மா, கணுக்கால் தெரியணும். அதான் லுக்கு" என்பான்.

வாசல் தாண்டி ஷூ உள்ளே வரக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

3

அன்று கல்லூரியில் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினேன். ஸ்டாண்டின் நடுத்தட்டில் காப்பி நிற லோஃபர் இருக்கும் இடம் காலியாக இருந்தது. நிருவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. அது எப்போதும் சாத்தித்தான் இருக்கும். சீக்கிரமே போய்விட்டான் போல, சொல்லிக்கொண்டாவது போயிருக்கலாம் என்று கொஞ்சம் கோபமாகக்கூட நினைத்தேன். கடைசியாகக் கிளம்புகிறவர் வெளித்தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுவது எங்கள் பழக்கம். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளில் எங்களுக்கு நம்பிக்கை கிடையாது. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

மதியத்துக்கு முன் இம்ரானிடமிருந்து போன். நிருவோடு வேலை பார்க்கும் பையன். வீடு பிரேசர் டவுன். எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறான்.

"ஆன்ட்டி, நிரு எங்க? மீட்டிங்ல இல்ல. போனும் எடுக்கல."

"காலையிலயே கிளம்பிட்டானேப்பா."

"பாத்தீங்களா ஆன்ட்டி?"

"பாக்கல. ஷூ இல்ல. போயிட்டான்."

"சரி ஆன்ட்டி, நான் பக்கத்துலதான் இருக்கேன். ஒரு நடை போய்ப் பாத்துட்டு வர்றேன்."

நான் வேலையைத் தொடர்ந்தேன். வரிசையில் நின்ற ஒரு மாணவிக்கு ரசீது கொடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. மறுபடி போன் வந்தது.

"ஆன்ட்டி, வெளிய பூட்டியிருக்கு. ஆனா நான் கால் பண்ணா உள்ளருந்து ரிங் சத்தம் கேக்குது."

"போனை மறந்து வெச்சுட்டுப் போயிருப்பான். ஷூதான் இல்லையே, ஸ்டாண்டப் பாரு."

"ஷூ உள்ள இருக்கும் ஆன்ட்டி. நேத்து நைட்டே எடுத்து வெச்சிருப்பான். காலைல ஷூட் பண்ணிட்டு லேட்டா வர்றேன்னு சொன்னான்."

"என்ன ஷூட்டு?"

"வீடியோ ஆன்ட்டி. லோஃபர் வீடியோ. எந்த டிரெஸ்ஸுக்கு எதைப் போடணும்னு. ஞாயித்துக்கிழமை நீங்க கோயிலுக்குப் போறப்ப வீட்லதான் எடுப்பான்."

"வீட்டுக்குள்ள ஷூ போட்டுக்கிட்டா?"

அதைத்தான் கேட்டேன். மகனைப் பற்றி அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்தது அவ்வளவுதான்.

"ஆன்ட்டி, பூட்டை ஒடைக்கட்டுமா?" என்றான்.

"வேணாம்ப்பா. அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பாங்க? நான் சாவியோட வந்துடறேன்."

"சாரி ஆன்ட்டி" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மெட்ரோவில் ஏறிவிட்டேன். பெட்டியில் எல்லோரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெஜஸ்டிக்கில் ரயில் மாற நகரும் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போது மீண்டும் போன் அடித்தது. பின்னால் ஆட்டோ சத்தம், எங்கள் கட்டட வாட்ச்மேன் திம்மப்பா கன்னடத்தில் யாரையோ விலகச் சொல்லிக் கத்தும் சத்தம்.

"ஆன்ட்டி" என்றான் இம்ரான். "மூச்சு இருக்கு."

நான் எதுவுமே கேட்டிருக்கவில்லை. மூச்சு இருக்கு என்று ஒருவர் சொல்ல வேண்டிய நிலையில் என் மகன் இருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

4

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி "யாரு பேக்கு?" என்றார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். என் கன்னடத்தில் காய்கறி இருந்தது, ஆட்டோ இருந்தது, கேஸ் சிலிண்டர் இருந்தது. மயங்கி விழுந்த மகனுக்கான வார்த்தை இல்லை. "மக, மக" என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார்.

அவசரப் பிரிவில் முதலில் அவன் குடித்திருக்கிறான் என்று நினைத்தார்களாம். மூச்சில் பழம் அழுகின மாதிரி ஒரு வாடை. "அவன் தொடவே மாட்டான் சார்னு அல்லா மேல சத்தியம் பண்ணேன் ஆன்ட்டி" என்றான் இம்ரான். பிறகுதான் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்திருக்கிறார்கள். கருவியில் எண் வரவில்லை. அது காட்டக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. சர்க்கரை நோயில், சின்ன வயதிலேயே வரும் வகை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோய்விடுவது. ரத்தம் அமிலமாகிவிட்டது என்றார் மருத்துவர். தமிழ்ப் பெண்தான், சின்னப் பெண்.

"நெறைய தண்ணி குடிச்சாராம்மா?"

கோடையிலிருந்தே குடித்தான். வெயில் என்று நினைத்தேன்.

"வெயிட் கொறைஞ்சுதா?"

தெரியவில்லை என்றேன். கூட இருந்த தாய் தெரியவில்லை என்கிறாளே என்று அவள் நினைத்திருக்கலாம். காட்டிக்கொள்ளவில்லை. "எதுவும் இப்ப சொல்ல முடியாதும்மா. நாளைக்குக் காலைல பாப்போம்."

அனுமதிக்கும் மேஜையில் வேறு தொல்லை. ஆதாரில் நிரஞ்சன் எஸ். இன்சூரன்சில் நிரஞ்சன் செல்வம். "சர்நேம் மேட்ச் ஆகலை" என்றார் மேஜையில் இருந்தவர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அந்த எஸ் அவன் அப்பா பெயர் என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ செல்வம் யாரு?" என்றார். ஓசூரிலிருந்து ஓடி வந்து மூச்சு வாங்க நின்ற என் கணவர், "நான்தான் சார் செல்வம்" என்று கையைத் தூக்கினார், வகுப்பில் பெயர் கூப்பிட்ட மாதிரி.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே படுக்கை எண் எழுதியிருந்தது. உள்ளே ஒரு பட்டுக்கரை வேட்டி, வெட்டியெடுத்த சட்டை, காப்பி நிற லோஃபர் ஒரு ஜோடி. கட்டிலோரம் விழுந்து கிடந்தானாம். அன்றைய வீடியோ, வேட்டிக்கு லோஃபர் போடுவது எப்படி என்பது. வேட்டி அவன் அப்பாவுடையது. அந்தப் பையை நான் கீழே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பேசுவான் அதுல?" என்று இம்ரானைக் கேட்டேன். அவன் தயங்கினான். பிறகு தன் போனை எடுத்து நிருவின் பக்கத்தைத் திறந்து என் கையில் கொடுத்தான்.

பழையதிலிருந்து பார்த்தேன். என் மகன் கன்னடத்தில் பேசினான். கன்னடமும் ஆங்கிலமும் கலந்து அவ்வளவு வேகம், அவ்வளவு சிரிப்பு. எனக்குப் பாதிதான் எட்டியது. என் மகன் சொல்வதை இம்ரான் எனக்குத் தமிழில் சொன்னான்.

"லினன் பேண்ட்டுக்கு ப்ரவுன் போடு, பெல்ட்டும் அதே கலர்ல இருக்கணும்னு சொல்றான் ஆன்ட்டி. இதுல, ஜீன்ஸுக்கு அந்த வெல்வெட் மாதிரி இருக்கறது நல்லா இருக்கும், கறுப்பு பளபளப்பு வேணாங்கறான். குஞ்சம் வெச்சது கல்யாணத்துக்கு, கோட்டுக்கு."

அடுத்தது. அதற்கடுத்தது. உடை மாறிக்கொண்டே இருந்தது. நான் மெதுவாக உடைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது. கன்னம் உள்ளே போனது. பேண்ட் தொளதொளத்தது. ஒரு நாள் "யார் பேண்ட்டுடா இது?" என்று கேட்டதற்கு, "இப்ப இதாம்மா ட்ரெண்டு" என்றான். நானும் அதை நம்பினேன். அந்தப் பேண்ட் இந்த வீடியோவில் இருந்தது. பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தான், ஆணியால் குத்திய மாதிரி கோணலாக.

கடைசிக்கு முந்தைய வீடியோவில் ஷூவைக் கழற்றிக் கேமராவுக்குக் காட்டினான். உள்ளே குதிகாலில் அந்தத் தெளிவான ரப்பர் துண்டு.

"லோஃபர் லூஸாயிட்டா தூக்கிப் போட வேணாம், இதை ஒட்டிக்கோங்கன்னு சொல்றான் ஆன்ட்டி. ஷூ நாளாக ஆக இளகும்னு சொல்றான்."

ஷூ இளகவில்லை. என் பிள்ளையின் பாதம் வற்றியிருந்தது.

கீழே ஆட்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். பெரும்பாலும் ஆங்கிலம், அது எனக்குப் புரியும். இளைத்துவிட்டாயே தம்பி, என்ன டயட் என்று ஒருவர். செம ஃபிட், ரகசியத்தைச் சொல்லு என்று இன்னொருவர். உடம்புக்கு எதுவும் இல்லையே என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். ஊர் பேர் தெரியாதவள். அவளுக்கு அவன் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாகப் போட்டிருந்தான்.

என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போதும், நிறுத்து" என்றார். என்னிடமா, வீடியோவில் பேசிக்கொண்டிருந்தவனிடமா என்று தெரியவில்லை.

5

அவன் கண் விழித்ததும் முதலில் கேட்டது தண்ணீர். அடுத்து, "அம்மா, பூட்டினது நீயா?" என்றான். ஆமாம் என்றேன். "கூப்ட்டேன்மா. சத்தம் வரல." அதைப் பற்றி அவன் மறுபடி பேசியதே இல்லை. பேசியிருந்தால் தேவலை.

இப்போது ஒரு நாளைக்கு நாலு ஊசி. தானே போட்டுக்கொள்கிறான். அந்தச் சின்ன மருத்துவர் பாதத்தைப் பற்றித் தனியாகப் பாடம் எடுத்தாள். தினமும் காலைப் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட. கடிக்கிற ஷூ போடக் கூடாது. சாக்ஸ் இல்லாமல் ஷூ போடவே கூடாது. சின்னப் புண் என்றாலும் உடனே காட்ட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் காலில் புண் வலிக்காமலும் போகும், சீக்கிரம் ஆறாது. நிரு தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது, "சாக்ஸோட லோஃபரா? அங்கிள் மாதிரி இருக்கும்மா" என்றான். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது. பிழைத்துவிட்டான் என்ற சிரிப்பு.

பிறகு நடந்ததை எல்லா அம்மாக்களும் ஊகித்துவிடுவார்கள். அறைக்கதவைச் சாத்தவிடவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டினேன். ஆபீசுக்கு இரண்டு தடவை போன். "என்னை ஜெயில்ல வெச்சிருக்கியாம்மா?" என்று ஒரு நாள் கேட்டான். தமிழில்தான் கேட்டான். இரண்டு மாதத்துக்கு முன் பிரேசர் டவுனில் இம்ரான் வீட்டு மாடியறைக்கு வாடகைக்குப் போய்விட்டான். கீழே இம்ரானின் அம்மா இருக்கிறார்கள். அந்த ஒரு காரணத்தால்தான் சம்மதித்தேன்.

அன்றாடம் அவன் வீடியோவைப் பார்க்கிறேன். ஷூவைப் பார்ப்பதில்லை. கன்னம், கழுத்து, இடுப்பில் பெல்ட் எத்தனையாவது துளையில் நிற்கிறது என்பதைப் பார்க்கிறேன். சாக்ஸ் போட்டு நாலைந்து வீடியோ போட்டான். கீழே கேலி செய்தார்கள். ஸ்கூல் யூனிபார்மா என்று ஒருவன் கேட்டிருந்தான்.

நேற்று மதியம் உணவு இடைவேளையில் புதிதாக ஒன்று வந்திருந்தது. குர்த்தாவும் நீல லோஃபரும். கால் வெறுமையாக இருந்தது. நடந்து வந்து ஒரு சுற்றுத் திரும்பினான். திரும்பும்போது இடது குதிகாலுக்கு மேல், ஷூ விளிம்பில், தோல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. நிறுத்திவிட்டு இரண்டு விரலால் பெரிதாக்கினேன். பிளாஸ்திரி. ஓரத்தில் கறுத்திருந்தது.

போன் செய்தேன். எடுக்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் கூப்பிட்டேன். கீழே இம்ரானின் அம்மா, "இருக்கான் இருக்கான், மேலதான். இன்னிக்கு லீவாம், சாப்ட்டு தூங்கறான். ஏம்மா இப்பிடி வேர்த்துப் போய் வர்றீங்க?" என்றார்கள். நான் படியேறினேன். கதவைக் கையால் அடித்தேன்.

திறந்தான். தூக்கக் கலக்கம். உயிரோடு, நின்றுகொண்டு, எரிச்சலாக. "என்னம்மா? போன் சைலன்ட்ல இருந்துச்சு. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே?"

"காலைக் காட்டு."

"என்ன?"

"இடது காலைக் காட்டுடா."

அவன் முகம் மாறியது. எதைப் பார்த்துவிட்டேன் என்று புரிந்துவிட்டது. "அது ஒண்ணும் இல்லம்மா. ஷூ கடிச்சிருக்கு. சின்னது. இந்த ஷூட்டு முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போலாம்னுதான்..."

"எத்தனை நாளா?"

அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கீழே இம்ரானின் அம்மா மாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நான் அந்த மாடிப்படி மேடையிலேயே, தரையில் உட்கார்ந்தேன். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டினான். பிளாஸ்திரியைப் பிரித்தேன். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண், நடுவில் வெளுத்து, சுற்றிலும் சிவந்து, சூடாக. பாதத்தைச் சுற்றிக் கையை வைத்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல" என்றான்.

நிஜமாகவே வலி தெரியவில்லையா, என்னிடம் மறைக்கிறானா? முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று நிமிர்ந்தேன். அவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிளம்பு, டாக்டர்கிட்ட போறோம். இப்பவே."

"சரிம்மா."

"இரு. அந்தக் காலையும் காட்டு" என்றேன்.